ஜூன் 7 எப்படி ஜூலை 6 ஆனது: விரிதாளில் திகதியும் நேரமும்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம். வருங்காலத் திகதி போட்ட செக்கில்தான் அங்கே வியாபாரம் ஓடும். 2024 மே மாதக் கடைசியில், நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த செக்குகளின் பட்டியலைக் கடையின் பழைய பில் மென்பொருளில் இருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, எடுத்து எக்செலில் திறந்தேன். முதலாளிக்கு வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று, மாதத்தின் பெயர் வருகிற மாதிரி திகதி நிரலின் வடிவமைப்பை மாற்றினேன். பாதித் திகதிகள் சொன்னபடி கேட்டன. மீதி அசையவே இல்லை, 21/06/2024 என்று அப்படியே நின்றன. அடம்பிடித்தவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தட்டித் திருத்தினேன். பிறகு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, எந்த நாளில் வங்கியில் எவ்வளவு காசு இருக்கவேண்டும் என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரும் வாங்கினேன்.

ஜூன் 7, வெள்ளிக்கிழமை, ஒரு செக் காசில்லாமல் திரும்பியது. என் தாளில் அந்தச் செக்குக்கு நேரே ஜூலை 6 என்று இருந்தது.

முதலாளி கத்தவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "தம்பி, ஜூலை ஆறு சனிக்கிழமை. சனிக்கிழமைக்கு ஆர் செக் எழுதுறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் வேர்வை சிந்தித் திருத்திய திகதிகள் எல்லாம் முதலிலேயே சரியாகத்தான் இருந்தன. அடம்பிடிக்காமல் சொல்வழி கேட்டவைதான் பிழை. ஏன் அப்படி என்பது விளங்கினால் விரிதாளில் திகதி பற்றிய முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கலத்துக்குள் இருப்பது எண்

எக்செலில் ஒரு கலத்தில் 14/04/2025 என்று தட்டுங்கள். பிறகு அந்தக் கலத்தின் வடிவமைப்பை 'ஜெனரல்' என்று மாற்றுங்கள். திகதி மறைந்து 45761 என்று ஓர் எண் வரும். பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. உள்ளே முதலில் இருந்து இருந்ததே அந்த எண்தான். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு வந்தால் 2025இன் சித்திரைப் புத்தாண்டு 45761ஆவது நாள். கூகுள் ஷீட்ஸிலும் இதே எண்தான் வரும். 14/04/2025 என்பதும், 2025 ஏப்ரல் 14 என்பதும், 'திங்கள்' என்பதும் அந்த ஓர் எண்ணுக்கு நாம் மாற்றி மாற்றிப் போடும் உடுப்புகள்.

எண்ணாக இருப்பதால்தான் திகதியைக் கூட்டலாம், கழிக்கலாம், வரிசைப்படுத்தலாம். 45 நாள் கடனுக்குச் சரக்கு எடுத்தால், பில் திகதியோடு 45ஐக் கூட்டினால் போதும். ஏப்ரல் 14இல் எடுத்த சரக்குக்கு மே 29. (புத்தாண்டன்று புறக்கோட்டையில் யார் பில் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.)

இந்த எண்ணும் முறையில் வேடிக்கையான ஒரு பழைய பிழை இருக்கிறது. 1900 லீப் வருடம் அல்ல. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம். ஆனால் எக்செலில் 60 என்று தட்டித் திகதியாக மாற்றினால் 1900 பெப்ரவரி 29 என்று, உலகத்தில் வராத ஒரு நாளைக் காட்டும். எக்செலுக்கு முன்பு எல்லோரும் பாவித்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அதை எக்செலிலும் வைத்தார்கள். 1900 மார்ச்சுக்குப் பிந்திய திகதிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. 1900க்கு முந்திய திகதிகளை எக்செல் திகதியாகவே ஏற்காது. 1887ஆம் ஆண்டுக் காணி உறுதியின் திகதியைத் தட்டினால் அது வெறும் எழுத்தாகக் கிடக்கும்.

'எழுத்தாகக் கிடப்பது' என்றேனே, பிரச்சினையின் மற்றப் பாதி அதுதான். நாம் தட்டியதைத் திகதி என்று எக்செலால் அடையாளம் காண முடிந்தால் அதை எண்ணாக மாற்றி உள்ளே வைக்கும். முடியாவிட்டால், எங்கள் பெயரை வைப்பது போல அதையும் எழுத்துகளாக வைத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எழுத்தைக் கூட்ட முடியாது, வரிசைப்படுத்தினால் எண்களுக்கெல்லாம் கீழே போய் நிற்கும்.

என் கடைக் கணினியில் நடந்தது இதுதான். விண்டோஸில் பிராந்திய அமைப்பு என்று ஒன்று உண்டு. யாரோ கணினியை வாங்கி வைத்த நாளில் இருந்து அது அமெரிக்கா என்றே இருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாங்கள் நாளை முதலில் எழுதுவோம். சிஎஸ்வி கோப்பில் 07/06/2024 என்று இருந்ததை எக்செல் அமெரிக்கக் கண்ணால் வாசித்தது: ஏழாம் மாதம், ஆறாம் நாள். அழகாக எண்ணாக மாற்றியது. 21/06/2024 வந்தபோது, இருபத்தோராம் மாதம் என்று ஒன்று இல்லையே என்று கையை விரித்து, எழுத்தாக விட்டுவிட்டது. அதனால்தான் சரியானவை அடம்பிடித்தன, பிழையானவை சொல்வழி கேட்டன.

ஒரு வருடத்தில் இப்படிக் குழம்பக்கூடிய நாள்கள் எத்தனை? நாள் 12க்குள் இருந்தால் அதை மாதமாகவும் வாசிக்கலாம். மாதத்துக்கு 12 நாள் வீதம் 144. அதில் 01/01, 02/02 என்று 12/12 வரை உள்ள 12 நாள்கள் திருப்பிப் போட்டாலும் அதே நாள். மீதி 132 நாள்கள் சத்தமில்லாமல் வேறு நாளாக மாறும். எந்த எச்சரிக்கையும் வராது, கலம் சிவக்காது.

கண்டுபிடிப்பது, திருத்துவது

எழுத்தாக நிற்பதைக் கண்டுபிடிப்பது லேசு. எதுவும் செய்யாமல் விட்டால் எண்கள் கலத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டும். அதனால் திகதி நிரலை அழகுக்காக நடுவில் நிறுத்தாதீர்கள், கிடைக்கிற ஒரே அறிகுறியை நாமே அழிப்பது போலாகும். நிரலுக்கு ஃபில்டர் போட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. உண்மையான திகதிகள் வருடம், மாதம் என்று மடிந்து ஒழுங்காக நிற்கும். எழுத்தானவை அடியில் தனித்தனியே வரிசையாகக் கிடக்கும்.

மாறிப்போன திகதியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு முதலாளியின் வழியைவிடச் சிறந்ததை நான் இன்னும் காணவில்லை. பக்கத்தில் ஒரு நிரல் போட்டு, 'டெக்ஸ்ட்' என்ற ஃபங்ஷனால் அந்தத் திகதி என்ன கிழமை என்று எடுத்துப் பாருங்கள். செக் பட்டியலில் சனியும் ஞாயிறும் தலைகாட்டினால் ஏதோ பிழை. பாடசாலை வரவுப் பதிவேடு என்றாலும் அப்படித்தான். அத்தோடு, இன்னும் வராத மாதங்களில் விற்பனை நடந்திருப்பதாகத் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மூலக் கோப்பு கையில் இருந்தால் திருத்த முயலவே வேண்டாம், மறுபடி கொண்டுவாருங்கள். இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், 'டேட்டா' பட்டியலில் உள்ள இறக்குமதி வழியாகப் போனால், ஒவ்வொரு நிரலும் என்ன வகை என்று நீங்களே தீர்மானிக்கலாம். அதற்கு முன் விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பிரித்தானியா என்று மாற்றிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி: கோப்பின் அமைப்புகளுக்குள் 'லொக்கேல்' என்று இருக்கும்.

மூலக் கோப்பு தொலைந்துவிட்டதா? அப்போதும் வழி உண்டு, ஒரு நிபந்தனையோடு. முழு நிரலும் ஒரே தடவையில் ஒரே பிழையோடு வந்திருந்தால், எண்ணாக நிற்பவை எல்லாம் நாளும் மாதமும் மாறியவை, எழுத்தாக நிற்பவை எல்லாம் சரியானவை. எண்ணாக நிற்பதில் இருந்து வருடம், மாதம், நாள் மூன்றையும் பிரித்து, 'டேட்' ஃபங்ஷனுக்குள் மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுத்தால் திரும்பச் சரியாகும். எழுத்தாக நிற்பவற்றுக்கு 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' என்ற வசதியில் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கைத் தெரிவு செய்தால் போதும். இடையில் யாராவது என்னைப் போலக் கையால் திருத்தியிருந்தால் கதை முடிந்தது. எது இயந்திரம் மாற்றியது, எது மனிதன் மாற்றியது என்று பிரிக்கவே முடியாது. நான் அன்று மாலை பில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு செக் அடிக்கட்டையாகப் பார்த்துத் திருத்தினேன். கடை பூட்ட ஒன்பது மணி ஆனது.

இந்தச் சங்கடமே வராமல் இருக்க, 2024-06-07 என்று வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுவது நல்லது. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் 1988 முதல் சொல்வது இதைத்தான். வருடம் முன்னால் வந்தால் எல்லா நாட்டுக் கணினிக்கும் ஒரே அர்த்தம். இன்னொரு லாபமும் உண்டு. எழுத்தாக நின்றாலும்கூட அகர வரிசையில் அடுக்கினால் கால வரிசையில் வரும். கோப்புகளின் பெயருக்கு முன்னால் இப்படித் திகதி போட்டுப் பாருங்கள், தேடுகிற வேலை பாதியாகும். கையால் தட்டும்போது மாதத்தைப் பெயராகத் தட்டுவதும் பாதுகாப்பானதே.

திகதி ஆகக்கூடாதவை

எக்செலுக்கு ஆர்வக்கோளாறு உண்டு. எதைக் கண்டாலும் திகதியாக இருக்குமோ என்று பார்க்கும். கொழும்பு முகவரிகளில் இது பெரிய கரைச்சல். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இலக்கம் 12/3 என்ற வீட்டில் இருக்கும் வாடிக்கையாளரைத் தட்டினால் வீட்டு இலக்கம் மார்ச் 12 ஆகிவிடும். பிறகு வடிவமைப்பை எழுத்தாக மாற்றினால் 12/3 திரும்பி வராது, நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்தான் வரும். தட்டுவதற்கு முன்பே நிரலை எழுத்து என்று அமைத்துவிட வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்ட வேண்டும்.

எங்களுக்கு மட்டும் வந்த தலைவிதி அல்ல இது. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 1' என்பது போல இருந்ததால், ஆய்வாளர்களின் விரிதாள்களில் அவை தொடர்ந்து திகதிகளாக மாறின. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். எக்செலைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது!

அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளும் ஒரு திகதி ஒளிந்திருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2016இல் வந்த புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வரும், நாள் எண் அதற்குப் பிறகு அதே மூன்று இலக்கம். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஊழியர் பட்டியலில் பிறந்த திகதி நிரல் வெறுமையாக இருந்தால் இதிலிருந்தே எடுத்துவிடலாம் என்று பலரும் இறங்குவார்கள். நானும் இறங்கினேன், பாதிப் பேருக்கு ஒரு நாள் பிந்தி வந்தது. காரணம், அடையாள அட்டையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். மார்ச் 1 எப்போதும் 061. ஆனால் 1990இன் 61ஆவது நாளைத் தா என்று எக்செலிடம் கேட்டால், அந்த வருடம் லீப் இல்லையாதலால் மார்ச் 2 என்று தரும். லீப் வருடமான 2000இல் 61ஆவது நாள் எது என்று முதலில் எடுத்து, அதன் மாதத்தையும் நாளையும் மட்டும் பிரித்து, பிறந்த வருடத்தோடு சேர்த்தால் சரியாக வரும். பெண்கள் என்றால் முதலில் 500ஐக் கழித்துவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எழுத்தாகவே வையுங்கள். பன்னிரண்டு இலக்கத்தை எண்ணாக விட்டால் எக்செல் அதைச் சுருக்கி, புள்ளியும் அடுக்கும் போட்டு விஞ்ஞானப் பாடம் நடத்தும்.

எத்தனை நாள் என்ற கேள்வி

ஒரு வீட்டில் யாராவது தவறினால் எட்டு, முப்பத்தொன்று என்று நாள் எண்ணுகிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கணக்கில் இறந்த நாளே முதலாம் நாள். ஜூன் 1இல் தவறினால் ஜூலை 1 முப்பத்தோராம் நாள். அதே இரண்டு திகதியையும் எக்செலில் கழித்தால் 30 என்று வரும். இரண்டும் பிழையில்லை. கழித்தல் இடைவெளியைச் சொல்கிறது, வீட்டுக்காரர் நாள்களைச் சொல்கிறார்கள். லீவு எடுத்த நாள்களை எண்ணும்போது இந்த ஒன்று விடுபட்டால் சம்பளத்தில் சண்டை வரும். 10ஆம் திகதியில் இருந்து 14ஆம் திகதி வரை லீவு என்றால் கழித்தால் 4, ஆனால் வராத நாள்கள் 5. எந்தக் கணக்கு வேண்டும் என்பதை எக்செலால் சொல்ல முடியாது.

மாதக் கணக்கு இன்னும் வழுக்கும். '30 நாள் கடன்' என்பதும் 'ஒரு மாதக் கடன்' என்பதும் வேறு வேறு. மாதத்தைக் கூட்ட 'ஈடேட்' என்ற ஃபங்ஷன் உண்டு. ஜனவரி 31ஓடு ஒரு மாதத்தைக் கூட்டச் சொன்னால் பெப்ரவரியின் கடைசி நாளைத் தரும். அதுவரை சரி. ஆனால் அந்தப் பெப்ரவரித் திகதியில் இருந்து அடுத்த மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28 அல்லது 29 வரும், 31 வராது. ஒருதடவை நழுவிய நாள் பிறகு திரும்பி வரவே வராது. வீட்டு வாடகை, சீட்டு, தவணை எதுவானாலும் முந்திய நிரையில் இருந்து கூட்டாமல், முதல் திகதியில் இருந்தே ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டுங்கள். மாதக் கடைசி நாள்தான் வேண்டும் என்றால் அதற்கு 'ஈஓமந்த்' என்று தனி ஃபங்ஷனே இருக்கிறது.

வயதை 365ஆல் வகுத்து எடுக்காதீர்கள், பிறந்தநாளை ஒட்டிய நாள்களில் பிழைக்கும். 'டேட்டிஃப்' (DATEDIF) என்ற ஃபங்ஷன் சரியாகத் தரும். எக்செல் அதை ஏனோ பட்டியலில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறது, முழுப் பெயரையும் நாமே தட்ட வேண்டும்.

வேலை நாள்களை மட்டும் எண்ண 'நெட்வேர்க்டேய்ஸ்' இருக்கிறது. சனி, ஞாயிறை அது தானாக விட்டுவிடும். போயாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வெசாக் 2024இல் மே 23, 2025இல் மே 12. நிலாவைப் பார்த்து வருகிற விடுமுறையை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? வருடத் தொடக்கத்தில் விடுமுறை நாள்களைத் தனித் தாளில் தட்டி, அந்த ஃபங்ஷனுக்கு மூன்றாவது உள்ளீடாகக் கொடுப்பதுதான் வழி. அரை மணி நேர வேலை, வருடத்துக்கு ஒருதடவை.

இன்றைய திகதியைத் தரும் 'டுடே' ஃபங்ஷனை பில் திகதி நிரலில் போடவே போடாதீர்கள். நாளைக்குத் திறந்தால் எல்லா பில்லும் நாளைய பில் ஆகிவிடும். கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய திகதி மாறாத எண்ணாகப் பதியும்.

நேரம்

நாள் முழு எண் என்றால் நேரம் அதன் பின்னம். நண்பகல் 0.5, மாலை ஆறு மணி 0.75. எனவே 2025 ஏப்ரல் 14 மாலை ஆறு மணி என்பது 45761.75. எக்செலுக்கு நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. பஞ்சாங்கத்துக்கோ சூரிய உதயத்தில், அதுவும் அறுபது நாழிகையாக. நல்லகாலம், அந்த இரண்டையும் ஒரே தாளில் போட எனக்கு இன்னும் வேலை வரவில்லை.

நேரத்தில் எல்லோரும் அடிபடும் இடம் சம்பளக் கணக்கு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம் வேலை. ஒருவர் வாரம் முழுக்கச் செய்த நேரங்களைக் கூட்டினால் எக்செல் 21:00 என்று காட்டும். 24 மணித்தியாலம் ஒரு நாளாகி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வடிவமைப்பில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் 45:00 என்று முழுதாகக் காட்டும். சரி, இனி மணித்தியாலத்துக்கு 300 ரூபா வீதம் பெருக்கினால்? 13,500 வரவேண்டும், 562.50 வரும். உள்ளே இருப்பது 45 அல்லவே, 1.875 நாள். 24ஆல் பெருக்கி மணித்தியாலமாக்கிய பிறகுதான் ரூபாவால் பெருக்க வேண்டும்.

இரவுக் காவலாளிக்கு வேறு கரைச்சல். இரவு பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறார். ஆறில் இருந்து பத்தைக் கழித்தால் மைனஸ் வரும். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கலம் முழுக்க வேலி அடைத்த மாதிரி குறிகளைப் போட்டு நிரப்பும். வந்த நேரம், போன நேரம் என்று வெறும் நேரத்தை மட்டும் எழுதாமல் இரண்டிலும் திகதியையும் சேர்த்து எழுதினால் இந்தப் பிரச்சினையே எழாது. வடிவமைப்பு எழுதும்போது இன்னொன்று: மாதத்துக்கும் நிமிடத்துக்கும் எக்செலில் ஒரே எழுத்துத்தான், 'எம்'. மணிக்கு அடுத்தோ விநாடிக்கு முன்போ வந்தால் நிமிடம், இல்லாவிட்டால் மாதம். பத்து மணி நாலு நிமிடம் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏப்ரல் வந்து நின்றால் அங்கேதான் பாருங்கள்.

எந்த ஊர் நேரம்

இணையத்தில் விற்கும் கடைகளுக்கு இது வரும். தரவுத்தளங்கள் பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் பதிந்து வைக்கும். கொழும்பு நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஏப்ரல் 1 அதிகாலை 2:15க்கு வந்த ஓர் ஓடர் யூடிசியில் மார்ச் 31 இரவு 8:45. எங்கள் வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. அந்த விற்பனை இப்போது போன வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். திகதியைப் பிரித்தெடுத்த பிறகு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பிரயோசனமில்லை. முதலில் கூட்டி, பிறகுதான் திகதியைப் பிரிக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் எங்களுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியால வித்தியாசம், கோடையில் நாலரை. அங்கே மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை. அதனால் வெளிநாட்டுத் திகதிகளோடு வேலை செய்யும்போது 'ஐந்தரையைக் கழி' என்று எண்ணைப் போடாமல், ஊரின் பெயரால் நேர வலயத்தைக் குறிப்பிடச் சொல்வார்கள். எங்களுக்குரிய பெயர் 'ஏசியா/கொலம்போ' (Asia/Colombo).

இங்கே மாற்றுவதில்லை என்றேன். ஆனால் முன்பு மாற்றிய காலமும் உண்டு. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே 25இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், யூடிசியோடு இருந்த வித்தியாசம் ஆறரை மணித்தியாலம் ஆனது. அந்த வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். அந்த ஆறு பத்து வருடத்துக்குக் கிட்ட நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகள் இதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 2006 ஏப்ரல் 15இல், புத்தாண்டு முடிந்த கையோடு, நள்ளிரவு பன்னிரண்டரையைப் பன்னிரண்டாகத் திருப்பி மறுபடி ஐந்தரைக்கு வந்தோம். அந்த இரவின் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் இடைப்பட்ட அரை மணி இரண்டு தடவை நடந்தது. ஊரின் பெயரைக் கொடுத்தால் நல்ல மென்பொருள்கள் இந்தக் கொழும்பு நேர வரலாறு முழுவதையும் தாங்களாகவே கவனித்துக்கொள்ளும். வெறும் ஐந்தரையைக் கொடுத்தால் பத்து வருடத்துப் பதிவுகள் பிசகும்.

கணினிக்காரரைவிட இதை நன்றாக அறிந்தவர்கள் ஜாதகம் கணிப்பவர்கள். 2001இல் கொழும்பில் பிறந்த என் தம்பியின் சாதகத்தைக் கலியாணப் பொருத்தம் பார்க்க வெள்ளவத்தையில் ஒரு சாத்திரியாரிடம் கொண்டுபோனோம். பிறந்த நேரத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய நேரமோ, புது நேரமோ?" அம்மாவுக்கு நினைவில்லை. பிறப்புப் பதிவில் இருந்த நேரம் ஆஸ்பத்திரி மணிக்கூட்டில் பார்த்தது, அதனால் புது நேரம் என்று முடிவு செய்து அரை மணியைக் கழித்தார். அவருடைய கொப்பியை எட்டிப் பார்த்தேன். பெயர், நட்சத்திரம், பிறந்த திகதி, நேரம் என்று ஸ்கேலால் கோடு போட்ட நிரல்கள். நேரத்துக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக இன்னொரு நிரல், அதில் ஒவ்வொரு நிரையிலும் 'ப' அல்லது 'பு'.